ஒட்டுப்போர்வைத் துணிக்குக் கஞ்சி: வெட்ட முன்னமா, பிறகா?

கொக்குவில்காரி:
மிஞ்சிக் கிடந்த கொட்டன் துண்டுகளைச் சேர்த்துத் தங்கச்சியின் மகளுக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறேன். சதுரங்கள் ஒழுங்காக வருகின்றன, ஆனால் முக்கோணம் வெட்டிப் பொருத்தும் இடத்தில் துணி இழுபட்டு மூலைகள் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கின்றன. கஞ்சி போடச் சொல்கிறார்கள். வெட்ட முன்னமா, பிறகா? ஸ்பிரே வாங்க வேணுமா, வீட்டுக் கஞ்சி காணுமா?

சுன்னாகம் தையலக்கா:
வெட்ட முன்னம்தான் பிள்ளை. முக்கோணத்தின் நீளப் பக்கம் துணியின் நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் மூலைவாக்கில் சரிவாகப் போகிறது, அந்தப் பக்கம் ரப்பர் மாதிரி இழுபடும், வெட்டின பிறகு நனைத்து மினுக்கினால் இன்னும் மோசம். முதலில் துணியை அலசிக் காயவையுங்கோ, ஏனென்றால் புதுக் கொட்டன் தண்ணீர் பட்டதும் சுருங்கும், அது கஞ்சித் தண்ணீர் என்றாலும் சுருங்கும்.

ஸ்பிரேக்கு ஏன் காசு? ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற இரண்டு கப் தண்ணீரில் ஊற்றி, பால் நிறம் போய்த் தெளியும் வரை கிளறுங்கோ. ஆறினதும் வடிகட்டிப் போத்தலில் விடலாம். உப்புப் போடாத சோற்றுக் கஞ்சியும் சரிதான், தண்ணியாக்கி மெல்லிய துணியில் வடிக்க வேணும். தெளித்தவுடன் அயன் வைக்காதீர்கள். கஞ்சி நூலுக்குள் ஊற விடாமல் மேலேயே சூடு காட்டினால் வெள்ளைச் செதிலாக உரியும், அயன் பெட்டியிலும் ஒட்டும். தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அமத்துங்கோ.

மானிப்பாய் மெஷின்:
அக்கா சொல்வது சரி, ஆனால் முக்கோணத்துக்குக் கஞ்சியே தேவைப்படாத வழியும் இருக்கிறது. இரண்டு சதுரங்களை நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை கோடு கீறி, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அப்புறம் கோட்டில் வெட்டுங்கள். இரு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும், இழுபடுகிற விளிம்பும் தையலுக்குள் பிடிபட்டிருக்கும். கொஞ்சம் பெரிதாக வெட்டித் தொடங்கினால் பிறகு அளவுக்குச் சீவலாம்.

கொக்குவில்காரி:
இது நல்லாயிருக்கே! ஆனால் கொஞ்சம் ஏற்கனவே முக்கோணமாக வெட்டியாச்சு. அதோடு கறுப்புத் துணியும் இருக்கிறது, வெள்ளையாகத் தெரியாதா?

சுன்னாகம் தையலக்கா:
தெரியும். கறுப்புக்குக் கஞ்சியை இன்னும் தண்ணியாக்கிப் பின்பக்கமாகத் தெளியுங்கோ, ஒரு தரம் தடிப்பாகப் போடுவதைவிட மெல்லிசாக இரண்டு தரம் போடுவது திறம். வெட்டின முக்கோணங்களுக்குத் தெளிக்க வேண்டாம், இழுக்காமல் ஊசி குத்திப் பிடித்துத் தையுங்கோ.

நாவற்குழி:
ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை. கஞ்சி போட்ட துணியை அலுமாரியில் அடுக்கி வைக்காதீர்கள், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் வந்து அரிக்கும். அந்தக் கிழமை தைப்பதற்கு மட்டும் போடுங்கள். மிச்சக் கஞ்சி பிரிஜ்ஜில் சில நாள் நிற்கும், புளித்த மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு என்கிறீர்கள், தைத்து முடிந்ததும் ஒரு தரம் தோய்த்தால் கஞ்சி போய் மெதுவாகிவிடும்.