.308 கூட்டில் பளபளக்கும் வளையம்: டையை எவ்வளவு இறக்குவது?

சாட்ஸ்வர்த்_308:
வணக்கம். மவுசர் 98 ஆக்ஷனில் (போல்ட் இயங்கும் பின்பகுதி) .308 வின்செஸ்டர் பேரல். இம்பாலா, வார்ட்ஹாக் வேட்டைக்கு நானே தோட்டா நிரப்புகிறேன். டை பெட்டியில் இருந்த தாள் சொன்னபடி, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை (சுட்ட பித்தளைக் கூட்டை நெருக்கி மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) இறக்கி, மேலும் கால் சுற்று திருகி ஃபுல் லெங்த் சைஸ் (கூடு முழுவதையும் நெருக்குவது) செய்கிறேன். நாலாவது தடவை சுட்ட கூடுகளில், அடியிலிருந்து 8 மி.மீ போல மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான கோடு தெரிகிறது. மருந்து, அதைத் தயாரிக்கும் சொம்கெம் தந்த அட்டவணையின் நடு அளவுதான். சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) நீளத்தைச் சோதிக்கும் கோ கேஜில் போல்ட் மூடுகிறது, அதைவிட நீளமான நோ-கோவில் மூடவில்லை. ரைபிள் சரியாக இருந்தும் ஏன் இப்படி?

நேட்டால்_பட்டறை:
ரைபிளில் குறையில்லை தம்பி, கூட்டைத்தான் தேவைக்கு மேல் குட்டையாக்குகிறீர்கள். .308-இல் ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட் முகத்திலிருந்து, தோளில் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) 0.400 அங்குல விட்டம் வரும் இடம் வரை உள்ள நீளம். கோ 1.630, நோ-கோ 1.634, கடைசி எல்லையான ஃபீல்ட் கேஜ் 1.638. உங்கள் சேம்பர் 1.633 என்றும் டை தோளை 1.626 வரை தள்ளுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 0.007 அங்குலம் சும்மா கிடக்கிறது. சுடும்போது கூட்டின் மெல்லிய முன்சுவர் உப்பிச் சேம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் போய் போல்ட்டில் முட்டும். இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிற இடமே அந்த வளையம். கேஜ் சேம்பரை மட்டுந்தான் அளக்கும், உங்கள் டை செய்வது அதற்குத் தெரியாது.

அந்தக் கூடுகளை இனி நிரப்ப வேண்டாம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுனி தட்டினால் கூடு இரண்டாகப் பிரியும் நிலையில் இருக்கிறது. பிரிந்தால் சூடான வாயு ஆக்ஷனுக்குள் வரும். மவுசர் 98 போல்ட்டில் வாயு வெளியேறத் துளைகள் உண்டு, ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் சுடக்கூடாது.

இனி டையை ரைபிளுக்கு ஏற்ப வையுங்கள். இரண்டு மூன்று தடவை சுட்ட நல்ல கூட்டை எடுத்து முதலில் ப்ரைமரை (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் மூடி) கழற்றுங்கள். வெளியே துருத்திய ப்ரைமர் அளவைக் கெடுக்கும். காலிப்பரில் தோள்வரை அளக்க உதவும் 0.400 கம்பரேட்டர் மாட்டி ஐந்தாறு கூடுகளை அளந்து, அதிக நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பரேட்டர் காட்டும் எண் கேஜ் எண்ணோடு அப்படியே ஒத்துப்போகாது, வித்தியாசம் மட்டுமே முக்கியம்.

பிறகு டை ஷெல் ஹோல்டரைத் தொடாதபடி முக்கால் சுற்று மேலே ஏற்றித் தொடங்குங்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: ஆரம்பத்தில் டை பக்கச்சுவரை நெருக்குவதால் தோள் முன்னே தள்ளப்பட்டுக் கூடு நீளும், போல்ட் இன்னும் இறுக்கமாகும். அது சரிதான், தொடர்ந்து இறக்குங்கள். டை மரை அங்குலத்துக்கு 14 என்பதால் ஒரு முழுச்சுற்று 0.071, ஐந்து டிகிரி திருப்பினால் ஏறத்தாழ 0.001. சுட்ட அளவைவிட 0.002 குறையும் இடத்தில் லாக் ரிங்கை முடுக்குங்கள்.

போல்ட்டில் உறுதி செய்யும்போது ஃபயரிங் பின் தொகுப்பைக் கழற்றிவிடுங்கள். சேஃப்டியை நடுவில் நிமிர்த்தி வைத்து, போல்ட்டை வெளியே எடுத்து, ஷ்ரௌடை (போல்ட்டின் பின்மூடி) திருகினால் வந்துவிடும். ஸ்பிரிங் இருந்தால் விரலுக்கு உண்மை தெரியாது. கூட்டின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் நுழைத்தபின் மூடுங்கள், கேஜுக்கும் இதுவே முறை. கைப்பிடி கடைசியில் மெல்ல உரசி இறங்கினால் போதும். கேஜ் மேல் போல்ட்டை ஒருபோதும் அழுத்தி மூட வேண்டாம்.

மிட்லாண்ட்ஸ்_வேட்டை:
அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு மாற்றம். டார்கெட்டுக்கு 0.002 சரி. புதர்க்காட்டில் செம்மண் தூசி சேம்பருக்குள் போகும், அடிபட்ட மிருகத்துக்கு இரண்டாவது தோட்டா தடையில்லாமல் ஏற வேண்டும். வேட்டைக்கு 0.003 வைப்பதே நல்லது. நெக் (கழுத்து) மட்டும் சைஸ் செய்த தோட்டாவோடு காட்டுக்குப் போகாதீர்கள், சில தடவை சுட்டபின் அது ஏறாது. நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் ஷூட்டிங் ரேஞ்சில், குழல் பாதுகாப்பான பக்கம் இருக்க, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெருலம்_303:
என்னிடம் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 இருக்கிறது. இதே கணக்குத்தானா?

நேட்டால்_பட்டறை:
கேஜ் கணக்கு வேறு. .303 விளிம்பில் நிற்கும் தோட்டா, அதனால் கேஜ் விளிம்பின் தடிப்பை மட்டும் பார்க்கும். கோ 0.064 அங்குலம், ராணுவ ஃபீல்ட் அளவு 0.074. நம்பர் 4-க்கு 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு, எண் கூடக்கூட நீளம். ஆனால் எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்து மாற்றுங்கள், ஒரே எண்ணுள்ள தலைகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். அந்தச் சேம்பர்களில் தோள் மிகவும் முன்னால் வெட்டப்பட்டிருக்கும். ஒரு தடவை சுட்டபின் கூட்டைத் தோளில் நிற்கும்படி சைஸ் செய்தால் விளிம்பின் இடைவெளி அவ்வளவாகப் பாதிக்காது. அங்கே கூடு சீக்கிரம் பிரிவதற்கு, தோளைத் தொழிற்சாலை அளவுக்கே திரும்பத் திரும்பத் தள்ளுவதுதான் பெரும்பாலும் காரணம்.

சாட்ஸ்வர்த்_308:
நன்றி அண்ணா. டை அதே இடத்தில் இருந்தும் கூட்டுக்குக் கூடு 0.002 மாறினால்?

நேட்டால்_பட்டறை:
பித்தளை இறுகியிருக்கும், அல்லது லூப்ரிகண்ட் சமமாகப் படவில்லை. பலமுறை சுட்ட பித்தளை டையிலிருந்து வெளிவந்ததும் பின்வாங்கும். கழுத்தையும் தோளையும் அனீல் செய்யுங்கள் (சூடாக்கி மென்மையாக்குவது), அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. ராமை (கூட்டை டைக்குள் தள்ளும் தண்டு) கடைசிவரை ஏற்றி இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். ஒரே கம்பெனி, ஒரே எண்ணிக்கை சுட்ட கூடுகளைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். சைஸ் செய்தபின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005-க்கு வெட்டுங்கள். சுத்தமான சேம்பரில் நோ-கோ கேஜிலும் போல்ட் மூடினால் கூட்டில் கை வைக்காமல் ரைபிளை லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுங்கள். மவுசர் பேரலைப் பின்னால் இழுக்க லேத் வேலை வேண்டும், வீட்டு வைஸில் செய்வதல்ல.