கேப்டன் லைசன்ஸ் ரினியூவல்: படகை விற்றாயிற்று, இன்னொரு ஓனர் போன் எடுப்பதில்லை, கடல் நாளை எப்படிக் காட்டுவது?

கால்வெஸ்டன் காற்று:

வணக்கம் மக்களே. படகு ஓட்டுகிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது கோஸ்ட் கார்டு (அமெரிக்கக் கடலோரக் காவல் படை) தரும் ஓயூபிவி லைசன்ஸ். அமெரிக்காவில் எல்லாரும் சிக்ஸ் பேக் என்பார்களே, அதுதான்: ஆறு பயணிகள் வரை காசு வாங்கிக்கொண்டு ஏற்றிப் போகலாம். வார நாளில் ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு கால்வெஸ்டன் வளைகுடாவில் மீன்பிடி சார்ட்டர். லைசன்ஸ் அடுத்த கோடையில் முடிகிறது. ரினியூ செய்ய, கடந்த ஐந்து வருஷத்தில் 360 நாள் கடல் சேவை காட்ட வேண்டும். நாள் தேறும் என்றுதான் நினைக்கிறேன், அதற்கான காகிதம்தான் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

முதல் இரண்டு வருஷம் ஓட்டியது என் சொந்தப் படகு, 24 அடி, டெக்சாஸ் ரெஜிஸ்ட்ரேஷன். அதை விற்றுவிட்டேன், டைட்டில் (உரிமைப் பத்திரம்) வாங்கினவர் பெயருக்கு மாறிவிட்டது. அப்புறம் ஒருவருடைய படகில் ஒரு சீசன் ரிலீஃப் கேப்டனாக ஓட்டினேன், அவர் தொழிலையே மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார், போன் செய்தால் எடுப்பதில்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை. இப்போது நண்பர் ஒருவரின் படகை ஓட்டுகிறேன், அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார், அதில் சிக்கல் இல்லை.

என் சந்தேகம் இதுதான். விற்ற படகின் நாட்களை நானே எழுதிக் கையெழுத்துப் போடலாமா? காணாமல் போன ஓனரின் கையெழுத்துக்கு என்ன வழி? இன்னொன்று, சன்செட் ட்ரிப் என்று இரண்டு மணி நேரம் மட்டும் போய் வருவோமே, அது ஒரு நாள் கணக்கில் வருமா வராதா? மரினாவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தூத்துக்குடி டெக்:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவன், சின்னப் படகு பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எங்கள் சிஓசி (கப்பல் அதிகாரித் தகுதிச் சான்றிதழ்) புதுப்பிப்புக்கு ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு மாதம் இல்லாவிட்டால் கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதம் கடலில் இருந்தாலும் போதும் என்று ஒரு வழி உண்டு. உங்களுக்கும் அது இருக்குமே, பழைய ஓனரை ஏன் தேடிக்கொண்டு அலைகிறீர்கள்? எங்களுக்கு சிடிசி என்ற கடல் சேவைப் புத்தகத்தில் கேப்டன் சைன் ஆஃப் போடும்போதே முத்திரை விழுந்துவிடும், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. உங்களுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாதா?

செசபீக் மீனா:

ஐயா சொன்ன மூன்று மாத வழி எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கப்பல் பணியாளர் ஒப்பந்தத்தின்படி தரும் சர்ட்டிஃபிகேட்டுக்கு உள்ளது. உள்நாட்டில் ஓடும் சிக்ஸ் பேக்குக்கு அது பொருந்தாது, அதை நம்பி உட்காராதீர்கள். புத்தகமும் கிடையாது. நமக்குள்ளது 719எஸ் என்ற ஒரு ஃபாரம், 200 டன்னுக்குக் கீழ் உள்ள படகுகளுக்கு அதுதான். நான் அனாபொலிஸில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன், நூறு டன் வரையிலான படகுக்கு மாஸ்டர் (கேப்டன்) லைசன்ஸ், எனக்கும் அதே ஃபாரம்தான்.

ஒரு படகுக்கு ஒரு ஃபாரம். உங்களுக்கு மூன்று படகு என்றால் மூன்று. படகின் பெயர், ரெஜிஸ்ட்ரேஷன் எண், நீளம், அகலம், டன், என்ஜின் வகை, நீங்கள் அதில் என்னவாக இருந்தீர்கள், எந்தத் தண்ணீரில் ஓட்டினீர்கள் என்று கேட்கும். அப்புறம் வருஷம் ஒரு வரிசையாக, மாதம் ஒரு கட்டமாக, அந்த மாதத்தில் எத்தனை நாள் என்று எழுத வேண்டும். தேதி வாரியாக அது கேட்பதில்லை. ஆனால் பிப்ரவரியில் 28 என்று எழுதிவிட்டு வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். கால்வெஸ்டனில் குளிர்காலத்தில் வடக்குக் காற்று எத்தனை வார இறுதியைத் தின்கிறது என்பது எனக்கே தெரியும், பரிசீலிப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சொந்தப் படகுக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம், ஆனால் அந்தக் காலத்தில் படகு உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டும். இப்போது உங்களிடம் இல்லை என்பது பிரச்சினையே இல்லை. பழைய ரெஜிஸ்ட்ரேஷன் அட்டை, வாங்கியபோதும் விற்றபோதும் எழுதிய பில் ஆஃப் சேல், இன்ஷூரன்ஸ், எது இருந்தாலும் வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில் படகின் உரிமை வரலாறு கேட்டு வாங்கலாம், டிஎக்ஸ் என்று தொடங்கும் ரெஜிஸ்ட்ரேஷன் எண் தெரிந்தால் போதும். ஒன்று கவனியுங்கள்: வாங்கிய தேதிக்கும் விற்ற தேதிக்கும் வெளியே ஒரு நாள்கூட அந்த ஃபாரத்தில் வரக்கூடாது.

அடுத்தவர் படகு என்றால் ஓனரோ ஆபரேட்டரோ அதன் மாஸ்டரோ கையெழுத்துப் போட வேண்டும். நண்பருடைய படகுக்கு அவரை இன்றைக்கே போட வையுங்கள், சீசன் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நாளைக்கு அவரும் படகை விற்கலாம்.

இனி இரண்டு மணி நேர ட்ரிப். நாள் என்றால் பொதுவாக எட்டு மணி நேரம். நூறு டன்னுக்குக் கீழ் உள்ள படகில், அதன் ஓட்டமே எட்டு மணி நேரம் வராத மாதிரியானது என்றால் நாலு மணி நேரம் வரை குறைத்து ஒரு நாளாக ஏற்பார்கள், அதற்குக் கீழே இறங்கவே மாட்டார்கள். அதனால் சனிக்கிழமை இரண்டு மணி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி, கூட்டினால் நாலு, ஒரு நாள் என்று போட முடியாது. ஒரே நாளில் காலை ஒரு ட்ரிப், சாயங்காலம் சன்செட் என்று போயிருந்தால் அந்த நாளின் மணிகளைக் கூட்டலாம். நடுவில் கரையில் கட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம் சேராது. பயணி இல்லாமல் படகைத் துறையிலிருந்து ஏற்றும் இடத்துக்குக் கொண்டுபோன நேரம் சேரும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காசு வாங்காமல் குடும்பத்தோடு போன நாளும் கடல் நாள்தான், சார்ட்டராக இருக்க வேண்டும் என்று இல்லை.

கால்வெஸ்டன் காற்று:

மீனா அக்கா, ரொம்ப நன்றி. ஒரு கொசுறு சந்தேகம். ரெட்ஃபிஷ் பிடிக்கும்போது பாதி நேரம் என்ஜினை அணைத்துவிட்டுக் காற்றோடு மிதந்துகொண்டிருப்போம், சில நாள் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருப்போம். ஃபாரத்தில் சராசரியாக எத்தனை மணி நேரம் அண்டர்வே என்று கேட்கிறதே, அதில் எது சேரும்?

செசபீக் மீனா:

லைசன்ஸ் பரீட்சைக்கு ரூல்ஸ் ஆஃப் த ரோட் (கடல் போக்குவரத்து விதிகள்) படித்திருப்பீர்களே, மூன்றாம் விதி. நங்கூரத்தில் இல்லை, கரையில் கட்டவில்லை, தரை தட்டவில்லை என்றால் அது அண்டர்வே. என்ஜின் ஓடுகிறதா என்பது கேள்வியே இல்லை. ஆகவே மிதந்த நேரம் சேரும். நங்கூரம் போட்ட நேரத்தை நான் சேர்ப்பதில்லை. ஆறு மணி நேர சார்ட்டரில் ஒரு மணி நேரம் நங்கூரம் போட்டிருந்தாலும் ஐந்து மிச்சம், நாலைத் தாண்டிவிடுகிறது, அப்புறம் எதற்கு வம்பு?

எரீ ஏரிக்காரன்:

காணாமல் போன ஓனர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒருமுறை எனக்கும் இதே கதை. நான் டெக்ஹேண்டாக இருந்த படகின் கம்பெனியை விற்றுவிட்டார்கள், புது ஆள் எனக்கு உன்னைத் தெரியாது என்றுவிட்டார். கடைசியில் அந்தச் சீசனில் அதே படகில் மாஸ்டராக இருந்தவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். உங்கள் விஷயத்தில் நீங்களே கேப்டன், அதனால் அந்த வழி இல்லை. முதலில் ஓனரின் பழைய விலாசத்துக்கு நிரப்பிய ஃபாரத்தையும் ஸ்டாம்ப் ஒட்டிய கவரையும் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பாருங்கள். போன் எடுக்காதவர்கள்கூட நிரப்பித் தந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதுண்டு, ஒரு பேனா எடுக்கிற வேலைதானே.

அதுவும் நடக்கவில்லையென்றால், அவர் உங்களுக்குக் கொடுத்த 1099 (வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்), வங்கிக் கணக்கில் விழுந்த பணம், அந்தச் சீசனின் புக்கிங் மெசேஜ் எல்லாவற்றையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாம், ஏற்பது அவர்கள் முடிவு. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கூட்டிப் பார்ப்பேன். சொந்தப் படகும் நண்பர் படகும் சேர்த்தே 360 வந்துவிட்டால் நடுவில் உள்ள சீசனை மறந்துவிடுங்கள். தேவைக்கு மேல் காட்டுவதால் ஒரு லாபமும் இல்லை, அந்த ஒரு ஃபாரத்தால் முழு விண்ணப்பமும் நிற்பதுதான் மிச்சம்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஐந்து வருஷம் என்பது பின்னோக்கி எண்ணுவது. உங்கள் நல்ல நாட்கள் ஆரம்பத்தில், சொந்தப் படகில். ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் அந்த முனையில் ஒரு மாதம் உதிர்கிறது. சீக்கிரம் அனுப்பினால் லைசன்ஸ் காலம் வீணாகும் என்று பயப்பட வேண்டாம். முடிவதற்கு எட்டு மாதத்துக்குள் அனுப்பினால், பழையது முடிகிற தேதியிலிருந்து புதியது தொடங்குகிற மாதிரி பின்தேதி போட்டுத்தான் தருகிறார்கள்.

பாஸ்டன் பாலு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், கிரீன் கார்டில் இருப்பவர் இந்த லைசன்ஸ் எடுக்க முடியுமா? சிட்டிசனாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன்.

எரீ ஏரிக்காரன்:

மாஸ்டருக்கு சிட்டிசன்தான். சிக்ஸ் பேக்குக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, ஆனால் கோஸ்ட் கார்டில் டாக்குமென்ட் செய்யாத படகுகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தித் தருவார்கள். அதாவது மாநில ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் உள்ள சின்னப் படகு. தொழிலுக்கு ஓட்டும் படகு ஐந்து நெட் டன்னைத் தொட்டாலே டாக்குமென்ட் செய்தாக வேண்டும், அதனால் பெரிய படகுக் கனவு இருந்தால் சிட்டிசன்ஷிப் வரட்டும். விவரமாகக் கேட்க வேண்டும் என்றால் தனி இழை திறங்கள் பாலு, இது திசை மாறிவிடும்.

செசபீக் மீனா:

ஏரிக்காரர் சொன்ன உதிரும் கணக்கு ரொம்ப முக்கியம், எனக்கு எழுத விட்டுப்போயிற்று.

கூட்டிப் பார்த்து 360 வரவில்லையென்றால் எண்ணை இழுத்து நீட்டாதீர்கள். அந்தக் கையெழுத்துக்குக் கீழே பொய் சொன்னால் என்ன ஆகும் என்று சட்டப் பிரிவோடு அச்சடித்திருக்கிறது, மத்திய அரசுக்குப் பொய்த் தகவல் தருவது ஐந்து வருஷம் வரை சிறை. மரினாவில் சிலர் எல்லாரும் செய்வதுதான் என்று பேசுவார்கள், நம்பாதீர்கள். அதற்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் கடல் நாள் இல்லாமலே ரினியூ செய்ய நேரான வழி இருக்கிறது: புத்தகத்தைப் பார்த்து எழுதும் ஓபன் புக் பயிற்சித் தாள், இல்லையென்றால் கோஸ்ட் கார்டு அங்கீகரித்த ரெஃப்ரெஷர் கோர்ஸ். படகு கட்டும், பழுது பார்க்கும், இயக்கும் வேலையோடு நெருங்கிய தொழிலில் ஐந்தில் மூன்று வருஷம் இருந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு, அதோடு ரூல்ஸ் தாளும் எழுத வேண்டும். கம்ப்யூட்டர்காரருக்கு அது ஆகாது.

என் அபிப்பிராயம், பத்து இருபது நாள் குறைகிறது என்றால் அலையாமல் கோர்ஸை எடுத்துவிடலாம். மிதவை விளக்குகள் பாதி மறந்திருக்கும், அதுவும் ஞாபகம் வரும்.

தூத்துக்குடி டெக்:

மீனா அம்மா, திருத்தியதற்கு நன்றி. இங்கே உங்களுக்கு மெடிக்கல் எல்லாம் உண்டா? எங்களில் பாதிப் பேருக்கு சுகர் வந்த பிறகு அதுதான் பெரிய தலைவலி.

ஹூஸ்டன் ஹார்பர்:

உண்டு ஐயா. 719கே என்று ஒரு ஃபாரம், டாக்டர் பார்த்துப் பூர்த்தி செய்வது, ஒரு வருஷத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். சுகர், பிரஷருக்குச் சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் பெயரோடு அளவோடு எழுத வேண்டும். சுகர் உள்ளவர்கள் ஏ1சி ரிப்போர்ட்டைக் கேட்பதற்கு முன்பே இணைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதைக் கேட்டு ஒரு கடிதம் வரும், அது ஒரு மாதம்.

போதைப்பொருள் பரிசோதனையையும் மறக்க வேண்டாம். டெஸ்ட் 185 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சார்ட்டர் ஓட்டுகிறவர் எப்படியும் ரேண்டம் டெஸ்ட் கன்சார்ட்டியத்தில் (திடீர் டெஸ்ட் எடுக்கும் கூட்டுத் திட்டத்தில்) இருப்பீர்கள், கடைசி 185 நாளில் 60 நாளாவது அதில் இருந்தீர்கள் என்று அவர்கள் கடிதம் கொடுத்தால் தனி டெஸ்ட் வேண்டாம், செலவு மிச்சம். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரியா இல்லையா என்பதை இவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள், இது மத்திய அரசு லைசன்ஸ்.

கால்வெஸ்டன் காற்று:

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து கூட்டிவிட்டேன். கிரெடிட் கார்டு வசூல் ரிப்போர்ட், பெட்ரோல் பில், வருமான வரிக்குக் கொடுத்த ஷெட்யூல் சி மூன்றையும் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகப் போட்டேன், சன்செட் மட்டும் போன நாட்களை எடுத்த பிறகும் சொந்தப் படகும் நண்பர் படகும் சேர்த்து 360ஐத் தாண்டுகிறது. காணாமல் போன ஓனரை விட்டுவிடுகிறேன். படகின் உரிமை வரலாற்றுக்கு ஆஸ்டினுக்கு எழுதியாயிற்று. கடைசியாக ஒன்று: விண்ணப்பத்தைக் கோஸ்ட் கார்டின் ஹூஸ்டன் எக்ஸாம் சென்டருக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டுமா?

ஹூஸ்டன் ஹார்பர்:

தேவையில்லை, பிடிஎஃப் ஆக்கி அவர்கள் ஈமெயிலுக்கு அனுப்பினால் போதும். செல்போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள், கட்டத்தில் உள்ள எண் தெரியாவிட்டால் திரும்பி வரும். ஹூஸ்டனில் காகிதம் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், மதிப்பீடு செய்வதெல்லாம் வெஸ்ட் வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள நேஷனல் மாரிடைம் சென்டர். பே டாட் கவ் தளத்தில் பணம் கட்டிய ரசீதை முதல் பக்கமாக வையுங்கள், ரினியூவலுக்கு மதிப்பீடு 50, வழங்கல் 45, மொத்தம் 95 டாலர். 719பி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடம் ஒன்றுக்கு மேல் உண்டு, ஒன்றையும் விடாமல் பாருங்கள்.