கொருக்குப்பேட்டைல கேபிள் லைன் வெச்சிருக்கேன், முழுசா ஃபைபருக்கு மாறலாமா இல்ல பெரிய கம்பெனிக்கு குடுத்துடலாமா?

கொருக்குப்பேட்டை_கேபிள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 93ல மொட்டைமாடில டிஷ் வெச்சு ஆரம்பிச்ச லைன், இப்ப நான் பாக்குறேன். ஒரு காலத்துல 900 வீடு இருந்துச்சு. 2019 பிப்ரவரில சேனலுக்கு சேனல் காசுன்ற புது முறை வந்துச்சுல்ல, அப்ப மாச அடிப்படை கட்டணமே 130, ஜிஎஸ்டியோட 153 ரூவா, அதுக்கு மேல சேனல் காசு, அப்பலேர்ந்து சரிஞ்சு சரிஞ்சு இப்ப டிவி 340 வீட்ல நிக்குது. நல்லவேளையா ஒரு ஐஎஸ்பி (நெட் கம்பெனி) கீழ ஃப்ராஞ்சைஸ் எடுத்து நெட்டும் குடுக்க ஆரம்பிச்சேன், அதுல 210 வீடு இருக்கு, ஈபான்ற வகைல 4 போர்ட் ஓஎல்டி ஒண்ணு, வீட்டு ஃபைபர் எல்லாம் வந்து சேர்ற பொட்டி, அதான் எல்லாத்தையும் இழுக்குது.

இப்ப பிரச்சனை என்னன்னா ராத்திரி 9 மணிலேர்ந்து 11 வரைக்கும் போன் மேல போன், படம் சுத்துது சுத்துதுனு. பக்கத்து ஏரியா ஆப்பரேட்டர் எக்ஸ்ஜிஎஸ்-பான்ற புது வகை ஓஎல்டி போடு, பத்து ஜிபி ஸ்பீடு வரும்னு சொல்றாரு, அதுக்கு நகைய வெக்கணும். இந்த பக்கம் ஒரு பெரிய கம்பெனிலேர்ந்து ஆள் வந்து உன் ஏரியா ஃபைபர அப்படியே எங்களுக்கு குடுத்துரு, கனெக்ஷனுக்கு மாசாமாசம் கமிஷன் தரோம், நீ சர்வீஸ் மட்டும் பாருன்றாங்க. அப்பா குடுத்துடலாம்னு சொல்றாரு, எனக்கு மனசு வரல. இதுல டவர்லேர்ந்து காத்துல நெட் குடுக்குற ஏர்ஃபைபர் வேற வீட்டுக்கு வீடு வருது. இந்த தொழில் தெரிஞ்சவங்க என்ன நெனைக்கிறீங்கனு சொல்லுங்க, இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்.

நெட்வொர்க்_பெரம்பூர்:

ப்ரோ நகைல கை வெக்காதீங்க, முதல்ல ஒண்ணு பாருங்க. ஓஎல்டிலேர்ந்து வெளிய போற அப்லிங்க் எவ்ளோ, ஐஎஸ்பிகிட்ட எவ்ளோ பேண்ட்வித் வாங்குறீங்க? ஈபான்ல ஒரு போர்ட்டுக்கு 1 ஜிபிபிஎஸ், உங்களுக்கு 210 வீடு 4 போர்ட்ல பிரிஞ்சா போர்ட்டுக்கு 50 சொச்சம் வீடுதான் வருது, அது அப்படி ஒண்ணும் திணறாது. பெரும்பாலும் மொத்த லைனும் ஒரே ஒரு ஜிகாபிட் போர்ட் வழியா போகும், இல்லனா வாங்குற பேண்ட்வித்தே 500 எம்பிபிஎஸ்குள்ள இருக்கும், ராத்திரி 9 மணிக்கு முட்டுறது அங்கதான். ஒரு வாரம் ட்ராஃபிக் கிராஃப் எடுத்து பாருங்க. கோடு மேல போய் தட்டையா நின்னுதுனா ஓஎல்டிய மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. கூகுள், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி கேச் சர்வர் உங்க ஐஎஸ்பிகிட்ட சென்னைலயே இருக்கானும் கேளுங்க, வீடியோ ஊருக்குள்ளயே கெடச்சா அப்லிங்க்குக்கு பாரம் கம்மி.

மாத்தியே ஆகணும்னா எப்படி மாத்தணும்னும் சொல்றேன். ஜிபான்னு இன்னொரு வகை, கீழ, அதாவது வீட்டுக்கு வர பக்கம் 2.5 ஜிபிபிஎஸ், மேல, அதாவது வீட்லேர்ந்து போற பக்கம் 1.25. எக்ஸ்ஜிஎஸ்-பான் ரெண்டு பக்கமும் 10, ஐடியுன்ற உலக தொலைத்தொடர்பு அமைப்பு அந்த ஸ்டாண்டர்ட 2016ல குடுத்தாங்க. ஜிபான் லைட் 1490 நானோமீட்டர் அலைல எறங்கி 1310ல ஏறும், எக்ஸ்ஜிஎஸ் 1577ல எறங்கி 1270ல ஏறும், அதனால ரெண்டும் ஒரே ஃபைபர்ல ஒண்ணா ஓடலாம். ரெண்டும் ஓடுற காம்போ போர்ட் உள்ள ஓஎல்டி வாங்கினா இன்னைக்கு ஜிபான் மட்டும் ஓட்டி, 500 எம்பி 1 ஜிபி கேக்குற வீடு வந்தா அந்த வீட்டுக்கு மட்டும் எக்ஸ்ஜிஎஸ் ஓஎன்டி (வீட்ல வெக்கிற பொட்டி) வெக்கலாம், தெருவுல லைட்ட பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ண கூட தொட வேணாம். ஆனா உங்ககிட்ட இருக்கிறது ஈபான், அதோட மேல போற லைட் 1260லேர்ந்து 1360 வரைக்கும் இடத்த புடிச்சிக்கும், எக்ஸ்ஜிஎஸ்ஸோட 1270 அதுக்குள்ள மாட்டும், ரெண்டும் ஒரே கோர்ல (ஒரே ஃபைபர் இழைல) ஒத்துவராது. இத விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. அதனால போர்ட் போர்ட்டா ஜிபானுக்கு மாத்துங்க, அவசரமே இல்ல.

50ஜி பான் ஸ்டாண்டர்டே 2021ல வந்துடுச்சு. பொட்டி மாறிட்டேதான் இருக்கும், ஃபைபர் கண்ணாடி மட்டும் அதே கண்ணாடிதான். துட்ட கண்ணாடில போடுங்க.

ஸ்ப்ளைசிங்_தண்டையார்பேட்டை:

மேல சொன்னவரு கரெக்டா சொன்னாரு, அந்த கண்ணாடி பத்தி நான் சொல்றேன், 14 வருஷமா இதான் என் வேலை.

2023 டிசம்பர் மிக்ஜாம் அப்ப எங்க பக்கம் ஒருத்தர் ஓஎல்டிய கீழ் ரூம்ல வெச்சிருந்தாரு. தண்ணி தொடை வரைக்கும் வந்து ஓஎல்டி, யூபிஎஸ், பேட்டரி எல்லாம் முழுகிடுச்சு. மூணாம் நாள் தண்ணி வடியறதுக்கு முன்னாடியே வேற ஓஎல்டி ஒண்ணு கடன் வாங்கி மாடில வெச்சு, கேபிள மேல இழுத்து சொருகினோம். மூணு நாள் சாக்கடை தண்ணில கெடந்த ஃபைபர்ல 160 வீட்டுக்கு 140க்கு மேல லைட் வந்துச்சு, வராத வீடு எல்லாம் ஜாயிண்ட் பாக்ஸ் மூடி சரியா போடாத தெரு. இதே பழைய கோஆக்ஸ் டிவி கேபிளா இருந்தா ஆம்ப்ளிஃபையர், பவர் சப்ளை, கனெக்டர் எல்லாத்தையும் தூக்கி போட்ருக்கணும். அதுவும் நம்ம காசிமேடு கடல் காத்துக்கு கனெக்டர் ரெண்டு வருஷத்துல பச்சை புடிச்சிரும். ஃபைபர்ல தெருவுல கரண்டே இல்ல, அதான் அதோட பலம். ஓஎல்டிய மட்டும் மாடில வெய்யி, பேட்டரி நல்லதா போடு.

அடுத்தது லைட் அளவு. ஒரு வூட்டுக்கு போனா நான் முதல்ல பவர் மீட்டர்தான் சொருகுவேன். லைட்டோட பலம் மைனஸ் 18லேர்ந்து 22 டிபிஎம் வந்தா சந்தோஷம், 25 தாண்டினா இன்னைக்கு ஓடும் மழை வந்தா நிக்கும், 27 தான் ஓஎன்டியோட எல்லை. கணக்கு போட்டு பாத்துக்கோங்க, எட்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ணு பத்தரை டிபி சாப்டும், அதுக்கு கீழ இன்னொரு 8 போட்டா 21 போச்சு. ஓஎல்டிலேர்ந்து பிளஸ் 3 வந்தா மைனஸ் 18 ஆச்சு, மீதி ஜாயிண்ட்டுக்கும் கனெக்டருக்கும்தான். கையால மாட்டுற ஃபாஸ்ட் கனெக்டர் ஒவ்வொண்ணும் அரை டிபி வரைக்கும் திங்கும், மெஷின்ல ஒட்டினா 0.02, 0.05 அவ்ளோதான். ஒட்டும்போது உரிச்ச ஃபைபர ஸ்பிரிட்ல தொடைக்கிறப்ப கீச்சுனு ஒரு சின்ன சத்தம் வரும், அது கேக்குற வரைக்கும் நான் ஃபைபர் வெட்டுற க்ளீவர்ல வெக்க மாட்டேன். பசங்களுக்கு சொல்லி குடுக்குறது இத ஒண்ணதான்.

அப்புறம் பச்ச கனெக்டர்ல நீலத்த சொருகாதீங்க. பச்சைல முனை சாய்வா இருக்கும், நீலத்துல நேரா இருக்கும், ரெண்டையும் சேத்தா நடுவுல காத்து நிக்கும், லைட் நெறைய வீணாகும், கொஞ்சம் திரும்பியும் வரும். போன மாசம் ஒரு தெரு முழுக்க கம்ப்ளைண்ட், ரெண்டு நாள் கேபிள தேடி கடைசில பாத்தா ஓஎல்டி ரூம்லயே புதுப்பையன் நீல பேட்ச் கார்ட் போட்டு வெச்சிருக்கான்.

உங்க டிவி 340 வீட்டையும் விடாதீங்க. 1550 நானோமீட்டர்ல டிவி சிக்னல ஏத்தி, ஈடிஎஃப்ஏன்ற லைட் ஆம்ப்ளிஃபையர் வெச்சு அதே ஃபைபர்ல அனுப்பலாம், டிவி அவுட்புட் உள்ள ஓஎன்டி வெச்சா ஒரே ஒயர்ல டிவி, நெட் ரெண்டும். தெருவுல இருக்க கோஆக்ஸ எல்லாம் கழட்டிடலாம், ஆம்ப்ளிஃபையர் கரண்ட் பில்லும் மிச்சம். டிவிக்கு பச்ச கனெக்டர் கட்டாயம்.

வர்க்ஃப்ரம்ஹோம்_எம்கேபிநகர்:

அண்ணா நான் தொழில் தெரிஞ்சவ இல்ல, கஸ்டமர், ஆனா இத சொல்லணும்னு தோணுச்சு. நான் மெடிக்கல் கோடிங் வேலை, வீட்லேர்ந்து பாக்குறேன், லைன் போச்சுனா அன்னைக்கு டார்கெட் போச்சு. முன்னாடி பெரிய கம்பெனி லைன் வெச்சிருந்தேன், ஆப்ல கம்ப்ளைண்ட் போட்டா நம்பர் வரும், ஆள் வர மாட்டாங்க, ஒரு தடவ நாலு நாள் ஆச்சு. இப்ப எங்க தெரு கேபிள் அண்ணன் லைன், மாசம் நூறு ரூபா அதிகம்தான் குடுக்குறேன், ராத்திரி பத்து மணிக்கு எலி கடிச்சு அறுந்தப்ப ஏணிய தூக்கிட்டு வந்து ஒட்டி குடுத்துட்டு போனாரு. எனக்கு 300 எம்பி வேணாம், 50 போதும், அறுந்தா உடனே வரணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, ரொம்ப நாள் ஃபைபர்தான் ஸ்லோனு நெனச்சு அவர திட்டிட்டு இருந்தேன். அப்புறம் அவரு லேப்டாப்ப ஒயர்ல சொருகி காட்டினாரு, முழு ஸ்பீடும் வந்துச்சு. பிரச்சனை வைஃபைல, பழைய ஒத்த பேண்ட் வைஃபை பொட்டி, எங்க லைன் வீட்ல சுத்தி பதினஞ்சு வைஃபை தெரியுது, எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு. ரெண்டு பேண்ட் பொட்டி மாத்தி குடுத்த அப்புறம் பிரச்சனையே இல்ல. உங்க ராத்திரி கம்ப்ளைண்ட்ல பாதி இதாகூட இருக்கலாம் அண்ணா.

நெட்வொர்க்_பெரம்பூர்:

சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணே மூணுதான், நம்ம தெருவுல அது எந்த மூலைக்கு. புதுசா வாங்குற ஓஎன்டி எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதா, முடிஞ்சா வைஃபை 6 உள்ளதா வாங்குங்க.

திருவொற்றியூர்_வாசி:

நான் டெலிகாம்ல பிசினஸ் பக்கம் வேலை பாக்குறேன், எங்கனு கேக்காதீங்க. ஃபைபர குடுக்கலாமான்றதுக்கு மட்டும் சொல்றேன்.

வெளிநாட்டு கதை ஒண்ணு, நேரா உங்களுக்கு பொருந்தும். அமெரிக்கால வெரைசான் 2016ல கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூணு மாநிலத்து வீட்டு லைன எல்லாம் ஃப்ரான்டியர்ன்ற கம்பெனிக்கு 1,054 கோடி டாலருக்கு வித்துச்சு, மொபைல்தான் எதிர்காலம்னு. ஃப்ரான்டியர் பழைய செம்பு லைனையும் கடனையும் வெச்சுக்கிட்டு தடுமாறி 2020 ஏப்ரல்ல திவால் மனு போட்டுச்சு, 2021ல வெளிய வந்து ஃபைபரா போட்டுக்கிட்டே போச்சு. 2024 செப்டம்பர்ல அதே வெரைசான் திரும்பி வந்து கடனோட சேத்து 2,000 கோடி டாலர் விலை பேசி முழு கம்பெனியவே வாங்க ஒத்துக்கிச்சு. வித்தவனே திரும்பி வந்து வாங்குறான்னா வீட்டு வாசல் வரைக்கும் போற ஃபைபருக்கு என்ன மதிப்புனு பாருங்க. இங்கயும் அதே ஓட்டம்தான், 2018ல ரிலையன்ஸ் ஹாத்வே, டென் ரெண்டுலயும் பங்கு வாங்கினது எதுக்கு, அவங்க கேபிள்காரங்க மூலமா வீட்டுக்குள்ள போகத்தான்.

உங்ககிட்ட வந்த ஆள் கேக்குறதும் அந்த கடைசி 50 மீட்டர்தான். நம்ம சந்துல புதுசா கம்பம் நட முடியாது, தோண்ட முடியாது, எந்த வீட்டு மாடில கேபிள் கட்டலாம் யார்கிட்ட கேக்கணும்னு உங்களுக்குதான் தெரியும். அத கமிஷனுக்கு குடுத்தா, நாளைக்கு காசு ஆப் வழியா நேரா அவங்களுக்கு போகும், கஸ்டமர் லிஸ்ட் அவங்களுது, கமிஷன அவங்க குறைச்சா உங்களுக்கு பேச வழி இல்ல. அதனால குடுக்குறதா இருந்தா விக்காதீங்க, வாடகைக்கு குடுங்க. 24 கோர் கேபிள் போட்டு அதுல 4 கோர், 6 கோர் மாச வாடகைனு எழுதுங்க. கேபிள் யார் சொத்து, எத்தனை நாள் நோட்டீஸ், அறுந்தா ஒட்டுற செலவு யாருது, இந்த மூணும் பேப்பர்ல தெளிவா இருக்கணும். வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து போடாதீங்க. கேபிள் போற வழிக்கு மாநகராட்சிக்கு கட்டுற தட வாடகை பாக்கி இருந்தா அதையும் முதல்ல கட்டி ரசீத வெச்சுக்கோங்க, பேரம் பேசும்போது அதுதான் உங்க கேபிளுக்கு பட்டா மாதிரி.

ஏர்ஃபைபர் பத்தி பயப்பட வேணாம், ஆனா லேசாவும் எடுக்க வேணாம். ஜியோ அத 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, ஃபைபர் போகாத இடத்துல வேகமா புடிக்கிறாங்க. ஆனா ஒரு டவர் காத்துல குடுக்குறத ஊரே பங்கு போடணும், கூட்டம் கூட கூட டவர் சேத்துட்டே போகணும், அந்த டவருக்கே பெரும்பாலும் கீழ ஃபைபர்தான் வேணும். உங்க ஃபைபர் நல்லா இருக்கிற தெருவுல வாடகை வீடு, அடிக்கடி காலி பண்றவங்க போவாங்க, மத்தவங்கள தக்க வெக்கலாம். கடைங்களுக்கு சிசிடிவிக்காக ஸ்டேடிக் ஐபி (மாறாத நெட் முகவரி) குடுங்க, அதுல தனி வருமானம் இருக்கு.

கொருக்குப்பேட்டை_கேபிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கண்ணு தொறந்துச்சு. நாலு நாளா கிராஃப் எடுத்தேன், பெரம்பூர் ப்ரோ சொன்னது அப்படியே, அப்லிங்க் 9:10க்கு மேல போய் 11 மணி வரைக்கும் தட்டையா நிக்குது. ஐஎஸ்பிகிட்ட பேசி பேண்ட்வித் கூட்டியாச்சு, ரெண்டு நாளா ராத்திரி போன் பாதியா கொறஞ்சிருக்கு. மீதி வந்த கம்ப்ளைண்ட்ல பத்து வீட்டுக்கு நேர்ல போனேன், ஆறு வீட்ல ஒயர்ல நல்லா வருது, வைஃபைதான் பிரச்சனை. மூணு வீட்ல லைட் மைனஸ் 26, மூணும் ஒரே ஜாயிண்ட் பாக்ஸ், தொறந்தா உள்ள தண்ணி, கீழ எறும்பு கூடு. மீதி ஒரு வீட்ல டிவி பொட்டியே பழசு.

அப்பாகிட்ட வெரைசான் கதைய சொன்னேன், ஒண்ணும் பேசாம கேட்டுட்டு, நம்ம மாடில இருக்கிற அந்த பழைய டிஷ் கம்பம் இருக்கிற இடத்துல ஓஎல்டி ரூம் கட்டலாமாடானு கேட்டாரு. கம்பெனி ஆளுக்கு கோர் வாடகைனா பேசலாம்னு சொல்லிட்டேன், மேல கேட்டு சொல்றேன்னாரு. எக்ஸ்ஜிஎஸ் இப்ப இல்ல, காம்போ ஓஎல்டி ஒண்ணு போட்டு முதல்ல ஒரு போர்ட் மட்டும் ஜிபானுக்கு மாத்துறேன், நகை வீட்லயே இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை அண்ணா, அந்த ஜாயிண்ட் பாக்ஸ முழுசா மாத்தணும், 24 ஜாயிண்ட் இருக்கு, உங்க மெஷினோட ஞாயித்துக்கெழம வர முடியுமா?

ஸ்ப்ளைசிங்_தண்டையார்பேட்டை:

வரேன் தம்பி. காலைல 6 மணிக்கே ஆரம்பிச்சா தெரு முழிக்கிறதுக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சிரும். புது டோம் பாக்ஸும் ஸ்லீவும் வாங்கி வெய்யி, கஸ்டமருக்கு எல்லாம் முன்னாடி நாளே மெசேஜ் போட்ரு.