கறுப்பு காரில் சுழல் கீறல்கள்: மெஷின் பாலிஷை நானே செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். என்னுடைய கறுப்பு காரை வெயிலில் நிறுத்தினால், பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. நாள்தோறும் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்த வினை இது என்று இப்போதுதான் புரிகிறது. கையால் பாலிஷ் போட்டேன். சில நாள் மறைந்திருந்த கீறல்கள், இரண்டு முறை கழுவியதும் மீண்டும் தலைகாட்டிவிட்டன. மெஷின் வாங்கி நானே செய்யலாமா? பெயின்ட் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில் 1:
தாராளமாகச் செய்யலாம், பொறுமை இருந்தால். நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலத்தில்தான் இந்தக் கீறல்கள் உள்ளன. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். கையால் போட்ட பாலிஷில் இருந்த எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கும், கழுவியதும் போயிருக்கும். மெஷினோ, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையே தேய்த்துச் சமன் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் சற்றுக் குறைகிறது.

முதன்முறை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷினே (பேட் சுழல்வதோடு சிறு வட்டமாக அசையவும் செய்யும் வகை) ஏற்றது. வண்டியைக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் டேப் ஒட்டிய பின், நிழலில் ஓரடிச் சதுரத்தில் மட்டும் மென்மையான ஃபோம் பேடையும் ஃபினிஷிங் பாலிஷையும் (மிக மென்மையாகத் தேய்க்கும் வகை) கொண்டு சோதித்துப் பாருங்கள். அது போதாதபோது மட்டும் கடினமான பேடுக்குப் போங்கள். பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுழலாமல் ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டிருந்தால், நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

பதில் 2:
கதவின் மடிப்புக் கோடுகளிலும் பானெட்டின் விளிம்புகளிலும் கட்டாயம் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் மெல்லியதாக இருக்கும், பேடின் அழுத்தமும் அங்கேயே குவியும். ஒருமுறை ரோட்டரி மெஷினை (ஒரே அச்சில் மட்டும் சுழலும் வகை) அப்படியொரு மடிப்பில் ஓரிரு நொடி கூடுதலாக வைத்துவிட்டேன். வெள்ளை பேடில் காரின் சிவப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் கிளியர் கோட் போய்விட்டது தெரிந்தது. கதவை மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சோதித்த இடம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கைப்பிடி அருகே ஒரு கீறல் மட்டும் அசையவே இல்லை.

பதில் 1:
நகத்தை அதன் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம்; அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். எண்ணெய் மறைத்திருந்தது ஏதும் இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.