குண்டு பல்பு: கணக்கில் 880 ஓம், மீட்டரில் 65 ஓம்

வணக்கம். பத்தாம் வகுப்பு மகளுக்கு ஓம் விதி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பு. 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர்; மின்தடை சுமார் 880 ஓம். பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் வெறும் 65 ஓம்! அதன்படி மூன்றரை ஆம்பியர் பாய்ந்து, திறன் 800 வாட்டைத் தாண்ட வேண்டுமே. மீட்டர்மேல் பழியில்லை, 100 ஓம் மின்தடையத்தைச் சரியாகவே காட்டுகிறது. டங்ஸ்டன் இழை சூடேறினால் மின்தடை கூடும் என்பது தெரியும். அதற்காகப் பதின்மூன்று மடங்கா?

எரியும் பல்பில் ஓம் பார்க்கக் கூடாது. எனவே 12 வோல்ட் பேட்டரியில் 21 வாட் வாகன பல்பை இணைத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து காட்டலாமா? இழை குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு.