சாக்கடலில் குப்புறக் கவிழ்ந்துவிட்டேன், நாளை அம்மாவை இறக்கலாமா?

கேள்வி: சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். புனிதப் பயணக் குழுவோடு வந்து இன்று மாலை சாக்கடலின் ஜோர்தான் நாட்டுப் பக்கக் கரையில் இறங்கினேன், இடுப்பளவு தண்ணீர்தான். வழக்கம்போல் குப்புறப் பாய்ந்து கை போட்டதும் இரண்டு காலும் மேலே கிளம்பிவிட்டன, தலை உள்ளே போகிறது, எவ்வளவு அமுக்கினாலும் கால் தரைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துப் புரட்டிப் போட்டார். கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிச்சல். வாய்க்குள் போனது உப்புக்கூட இல்லை, கசப்பு, துப்பிவிட்டேன். நாளை இஸ்ரேல் பக்கம் ஐன் போக்கெக் போகிறோம். அம்மாவும் இறங்குவேன் என்கிறார், வயது 64, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். நான் செய்த தப்பு என்ன?

பதில்: நீந்தியதுதான் தப்பு தம்பி. சாதாரணக் கடலில் உப்பு 3.5 சதவீதம், அங்கே ஏறக்குறைய 34. ஒரு லிட்டர் தண்ணீரே 1.24 கிலோ எடை. இடுப்பில் கட்டும் குடுவையை உடம்பு முழுக்கக் கட்டியது போலத்தான், அதிலும் கால் முதலில் எழும்பும், குப்புற இருந்தால் முகம்தான் தண்ணீருக்குள் போகும். ஆழமில்லாத இடத்திலேயே ஆபத்து வருவது இதனால்தான்.

முழங்கால் அளவு வரை நடந்து போய், நாற்காலியில் உட்காருவது போல் மெல்லப் பின்னால் சாயுங்கள், மல்லாந்தபடியே மிதக்கலாம். எழுந்திருக்க முழங்காலை மார்போடு இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே தள்ளி, உடம்பு நிமிர்ந்த பிறகு காலை ஊன்ற வேண்டும். மறுபடி கவிழ்ந்தால் காலை உதறாதீர்கள், பாயில் புரளுவது போல் பக்கவாட்டில் உருளுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. கண்ணைக் கசக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது.

இன்னொருவர்: கையிலும் அதே உப்புதானே! நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்று கரையில் தயாராக இருக்கட்டும். அப்புறம், துப்பியது சரி, விழுங்கியிருந்தால் விளையாட்டல்ல. மக்னீசியமும் கால்சியமும் அதில் மிக அதிகம், இதயத் துடிப்பையே குழப்பும். நுரையீரலுக்குள் போனால் அது தனிச் சிக்கல். இருமல், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் எது வந்தாலும் உடனே மருத்துவமனை, சாக்கடல் தண்ணீர் உள்ளே போனது என்று சொல்லிவிடுங்கள். அம்மா இறங்குவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். இறங்கினால் 10 நிமிடம் போதும், நீங்கள் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

வேறொருவர்: நான் ஒரு மணி நேரம் கிடந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

முதலில் பதில் சொன்னவர்: உங்கள் அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வருமா? தம்பி, உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும் இறங்குங்கள். அந்தக் கடல் வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வற்றுகிறது, வேலி போட்ட கரைப் பக்கம் போனால் திடீரென்று நிலம் உள்வாங்கிக் குழியாகிவிடும். காலில் செருப்பு கட்டாயம், உப்புப் படிகம் கண்ணாடிச் சில்லு போல் கீறும். இன்றிரவு சவரம் வேண்டாம், கீறல் பட்ட தோலில் அந்த உப்பு எரியும்.

கேட்டவர் (மறுநாள்): டாக்டர் சரி என்றார். அம்மா 10 நிமிடம் மல்லாந்து கிடந்தார், வெளியே கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். வெள்ளி மோதிரத்தைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டேன், கறுத்துவிட்டது. அதற்கு வழி உண்டா?

இன்னொருவர்: பல்பொடி போட்டுத் தேயுங்கள்.