‘மிஸ்டேக்’ என்ற சொல்லோடு ‘டூ’ ஏன் சேராது?

கேள்வி

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டிகளின் எண்ணிக்கை தவறிவிட்டதால், இங்கிலாந்து பையருக்கு ‘வீ டிட் எ மிஸ்டேக்’ என்று மின்னஞ்சல் எழுதினேன். மேலாளர் அதை ‘வீ மேட் எ மிஸ்டேக்’ என்று திருத்தினார். பொருளை உருவாக்கினால் ‘மேக்’, செயலைச் செய்தால் ‘டூ’ என்று பள்ளியில் படித்த விதியை நம்பித்தான் எழுதினேன். எங்கே தவறினேன் என்று விளக்க இயலுமா?

முதல் மறுமொழி

அந்த விதி பாதி வழிக்குத்தான் துணை வரும். கேக்கை ‘மேக்’ செய்கிறோம், வீட்டுப்பாடத்தை ‘டூ’ செய்கிறோம் என்பது வரை சரி. ஆனால் ‘மேக் த பெட்’ என்றால் யாரும் கட்டில் செய்வதில்லை. கலைந்து கிடக்கும் படுக்கையைச் சரிசெய்கிறார்கள். இத்தகைய தொடர்களில் வினை தன் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் இழந்து, பெயர்ச்சொல்லைத் தாங்குவதற்காக மட்டுமே நிற்கிறது. நம்முடைய ‘போடு’ மட்டும் என்னவாம்? காபி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். எதையும் கீழே போடுவதில்லை.

தமிழ்ப் பாடநூலில் வினைமரபு என்ற தலைப்பில் ‘கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான், அம்பு எய்தான்’ என்று படித்தது நினைவிருக்கும். கூடையை ஏன் நெய்யக் கூடாது என்று அன்று நாம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய சேர்க்கையைக் ‘கொலொகேஷன்’ என்பார்கள். ஜப்பானில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹெரால்ட் பாமர் 1933-இல் வெளியிட்ட அறிக்கையில், இவற்றைச் சொல் சொல்லாக ஒட்டவைக்காமல் முழுத் தொடராகவே கற்க வேண்டும் என்றார்.

உங்கள் மேசைக்குத் தேவையானவை: ‘பிளேஸ் அன் ஆர்டர்’, ‘மேக் எ பேமென்ட்’, ‘மீட் எ டெட்லைன்’. வணிகம் நடத்துவது ‘டூ பிசினஸ்’, அதில் லாபம் பார்ப்பது ‘மேக் எ ப்ராஃபிட்’. இதற்கு விதி தேடினால் தலைவலிதான் மிஞ்சும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் ‘டேக் எ டிசிஷன்’ என்பதும் பிழையா? என் தங்கை ‘ஐ ரோட் தி எக்ஸாம்’ என்கிறாள். அதையும் திருத்த வேண்டுமா?

இரண்டாம் மறுமொழி

‘டேக் எ டிசிஷன்’ பிரிட்டனில் வழங்குவதுதான். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘மேக்’ என்பார்கள். தங்கையின் தொடர் ‘தேர்வு எழுதினேன்’ என்பதன் நேர்ப்பிள்ளை. நம் ஊரில் அது எவருக்கும் புரியும், கனடாவிலும் அப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் ‘டேக்’ அல்லது ‘சிட்’ என்பதே வழக்கம். வட இந்தியர் பலர் சொல்லும் ‘கிவ் அன் எக்ஸாம்’ என்பதில்தான் கவனம் வேண்டும், ஏனெனில் அதைக் கேட்கும் ஆங்கிலேயர் பேசுபவரை ஆசிரியர் என்றே எண்ணக்கூடும்.

அகராதியில் வினையைத் தேடாதீர்கள், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ‘மேக்’ என்ற பதிவு பல பத்திகளுக்கு நீளும். ‘மிஸ்டேக்’ என்ற பதிவின் எடுத்துக்காட்டுத் தொடரிலேயே அதற்குரிய வினை வந்துவிடும்.

கேட்டவர்

அப்படியே செய்து பார்த்தேன். சாயப்பட்டறையிலிருந்து துணி வரத் தாமதமானதைத் தெரிவிக்க ‘தே டிட் எ டிலே’ என்று எழுதி வைத்திருந்தேன். ‘டிலே’ என்ற பதிவில் ‘காஸ்’ என்ற வினை இருந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன், இம்முறை மேலாளர் எதையும் மாற்றவில்லை.